இரண்டு நாற்பது

ஏற்காடு பேருந்து நிலையத்தில்
கழிப்பறைக் கட்டணப் பலகைக்குப் பக்கத்தில்
நீல எழுத்தில் இருந்தது அந்த முகவரி.
டீ ஆறுவதற்குள் படம் பிடித்துக்கொண்டேன்.
அப்படிச் சேர்த்தவைதான் எல்லாம்:
செவ்வாய்ப்பேட்டைப் படிப்பகம்,
குகை இரத்ததானக் குழு,
அம்மாபேட்டை மயானப் பராமரிப்பு,
தொலைந்த நாய்களுக்கென்று அஸ்தம்பட்டியில் ஒருவர்.
ஊரறிய எழுதிப் போட்டிருக்கிறார்கள்,
அப்புறம் என்ன.
இருநூற்றுப் பதினான்கு தேறியது.

லீ பஜாரில் கடை எனக்கு.
வெயிலில் வெந்நீர் போடும் கருவி,
ஐந்து வருட உத்தரவாதம்.
மலையில் குளிர், மனுசன் குளித்தாக வேண்டும்,
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
முகவரிகளை ஒரே சரமாகக் கோத்து
ஒருவர் விலாசம் எல்லோருக்கும் தெரிய,
'அன்புடையீர்' என்று
ஒரே அன்பை இருநூற்றுப் பதினான்காகப் பிய்த்து,
ராத்திரி அனுப்பினால்
காலையில் முதலில் நிற்கும் என்று
கடைப் பையன் சொன்ன யோசனைப்படி
இரண்டு நாற்பதுக்கு நேரம் குறித்துவிட்டுப்
படுத்தேன்.
நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் பார்த்தால்
ஒரே ஒரு பதில்.
நேரம் இரண்டு நாற்பத்தேழு.
விலை கேட்கவில்லை, வையவும் இல்லை.
"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"
கீழே, பொன்னுருவி, செம்மநத்தம்.

படத்தைத் தேடியெடுத்துப் பெரிதாக்கினேன்.
முகவரிக்கு மேலே
அன்று நான் படிக்காத வரிகள்:
பாம்புக்கடி. பிரசவம். வளைவில் விபத்து.
போன் எட்டாத ஊர்க்காரர்கள்
பள்ளிக்கூட வைஃபையில் எழுதவும்.
எந்நேரமும்.

அந்த எந்நேரமும்
எனக்குச் சொன்னதில்லை.

ஏழு நிமிடம்.
மணி அலறியிருக்கும்.
சால்வையை இழுத்துக்கொண்டு
ஜீப் சாவிக்குக் கை நீட்டியிருப்பாள்,
ஓட்டுகிற சடையனைக் கூப்பிட்டிருப்பாள்,
பனியில் அந்த வண்டிக்கு
இரண்டு பேராவது தள்ள வேண்டியிருக்கும்.
பிறகுதான் திறந்திருப்பாள்:
இடுப்பில் துண்டோடு ஒருவன் சிரிக்கிறான்,
பதினைந்து சதவீதம் தள்ளுபடி.
நம்பியிருக்க மாட்டாள்.
பதற்றத்தில் யாரோ
எதையோ தொட்டு
எதையோ அனுப்பிவிட்டார்கள் என்று
நினைத்திருப்பாள்.
பதில் வரும் என்று விடியவிடிய
உட்கார்ந்திருந்தாளா,
அதுமட்டும் எனக்குத் தெரியாது.

ஒன்பது பத்துக்கு எழுதினேன்:
யாருக்கும் ஒன்றுமில்லை. தப்பு என்னுடையது.

அதோடு விட்டிருந்தால்.
பதினொரு மணிக்கு நாய்க்காரர்
என் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் எழுதினார்,
எல்லோருக்கும் எழுதுவதை
எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று.
ஆமாம் என்றது இரத்ததானம், எல்லோருக்கும்.
என்னை நீக்குங்கள் என்றது மயானம், எல்லோருக்கும்.
மத்தியானத்துக்குள் பதினேழு.
ஒவ்வொன்றும் மலையேறி
அவள் வீட்டில் அலறியிருக்கும்.
ஒவ்வொன்றுக்கும் அவள்
கையில் இருந்ததைப் போட்டுவிட்டு
ஓடிவந்திருப்பாள்.

நீளமாக ஒரு மன்னிப்பு எழுத ஆரம்பித்தேன்,
படம் பிடித்த கதை,
என் மகளின் பிரசவம் நடந்த ராத்திரி,
எல்லாம் வைத்து.
நாலாம் பத்தியில் விரல் நின்றது.
மன்னிப்புக்கும் அதே மணிதான் அடிக்கும்.

தபால் நிலையத்துக்கு நடந்தேன்.
கார்டு ஐம்பது காசு,
சில்லறை இல்லை என்று இரண்டாகக் கொடுத்தார்கள்.
நாலு வரி எழுதினேன்.
எங்கே பார்த்து எழுதினேன் என்று ஒரு வரி.
அவள் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டதாக ஒரு வரி.
மற்றவர்களுக்கும் தனித்தனியே,
பகலில், கேட்டுவிட்டுத்தான் என்று ஒன்று.
பதில் போட வேண்டாம் என்று கடைசி.

எழுதி முடித்ததும்
பழக்க தோஷம்,
கை தானாகப் போய்
கடை முத்திரையை மையில் தோய்த்துக்
கார்டின் அடியில் குத்திவிட்டது:
போன் நம்பர், விலாசம்,
உதிக்கிற சூரியன் படத்தோடு.

நல்லவேளை
இன்னொரு கார்டு இருந்தது.